பரணில் ஒரு பழைய துப்பாக்கி

திருவனந்தபுரத்தில் சாலை என்றதும் பலசரக்கும் வெண்கலப் பாத்திரமும்தான் நமக்கு நினைவு வரும். ஆனால் இந்தப் பெயர் நடக்கும் வழியைக் குறிப்பதல்ல, பழைய கல்விச்சாலை ஒன்றைக் குறிப்பது என்பது அறிஞர் பலரின் கருத்து. அருகே நம்மவர் அக்ரஹாரங்கள் உள்ள வலியசாலையில் மஹாதேவர் கோயில் இன்றும் காந்தளூர் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இதுவே என்பர். மாற்றுக் கருத்தும் உண்டு.

அந்தச் சாலையை முன்மாதிரியாக வைத்து, ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்களுக்கு, அதாவது வேதம் பயிலும் மாணவர்களுக்கு, ஒரு சாலை அமைத்தான். அதன் செப்பேட்டில் ஆயுதத்தைப் பற்றிய கட்டுப்பாடுகளும் உண்டு. வேதம் ஓதியவர்களிடம் ஆயுதம் இருந்தது, அதற்கு வரம்பும் இருந்தது என்று இதனால் அறிகிறோம்.

ஆயிரத்து நூறு ஆண்டு கழித்தும் அந்த வரம்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பட்டாளத்திலோ மலைத்தோட்டத்திலோ வேலை பார்த்த தாத்தாவின் துப்பாக்கி சில வீடுகளில் பரணில் கிடக்கிறது. அதைப் பழையபடி ஆக்கிக் கூடத்தில் மாட்டினால் என்ன என்று பேரனுக்கு ஆசை. வெளிநாட்டில் இருக்கும் பேரன் அங்கே பலர் இதைப் பொழுதுபோக்காகவே செய்வதைப் பார்த்திருப்பான்.

அவர்கள் பெரிதும் விரும்புவது லீ-என்ஃபீல்ட் ரைஃபிள். ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த பூட்டமைப்பும் லண்டனுக்கு வடக்கே இருந்த என்ஃபீல்ட் தொழிற்சாலையும் சேர்ந்து தந்த பெயர் அது. 1895இல் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தது. .303 அங்குலக் குண்டு, பத்துத் தோட்டாக்கள், ஏறக்குறைய நாலு கிலோ எடை. கல்கத்தா அருகே இஷாப்பூரிலும் இது தயாரானது. 1962 சீனப் போருக்குப் பிறகு 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ப மாற்றிய வகையும் அங்கே செய்யப்பட்டது. உத்தரப் பிரதேசக் காவல்துறை .303 ரைஃபிளுக்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தில்தான்!

சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இதைச் சீர்செய்பவர்கள் முதலில் பார்ப்பது எண்களை. உடலிலும் பூட்டிலும் பொறித்த எண் ஒன்றாக இருந்தால் அது கலப்பில்லாத பழைய ரைஃபிள். மரக்கட்டையில் பள்ளம் இருந்தால் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஆவி காட்டுவார்கள், மரம் உப்பி மேலே வரும். பிறகு ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பல நாள் தேய்ப்பார்கள். இஷாப்பூர்க் கட்டையில் குறுக்கே போட்ட ஒரு திருகு உண்டு. அழகு போதாது என்று அதை எடுத்துவிட்டால் அதன் இந்திய அடையாளமே போய்விடும். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குபவனைத் தேர்ந்த கைகள் மன்னிப்பதில்லை. முத்திரைகள் அழிந்தால் சரித்திரமும் அழிந்தது என்பார்கள்.

நமது நாட்டிலோ நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவில் பழமை வாய்ந்த, வழக்கொழிந்த, பழுதான ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் நிபந்தனை உண்டு. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது சுடும் துப்பாக்கியாகப் பயன்படாததாக இருக்க வேண்டும். பழுது பார்த்தால் சுடும் என்றால் விலக்கு இல்லை. உரிமம் இல்லாமல் பழுது பார்ப்பதே 5ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்திற்குப் பிறகு இதற்குத் தண்டனை ஏழாண்டுக்குக் குறையாது, ஆயுள் வரை போகலாம். தாத்தாவின் நினைவுக்கு மரியாதை செய்யப்போய்ப் பேரன் சிறைக்குப் போவது நியாயமா?

தாத்தா உரிமம் பெற்று வைத்திருந்தாலும் அவர் காலத்துக்குப் பிறகு அது தானாக வாரிசுக்கு வராது. தாமதம் செய்யாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ துப்பாக்கியை ஒப்படைத்து, வாரிசு என்ற முறையில் புது உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2019 முதல் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் அனுமதி இல்லை. வாரிசாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். பயந்து ஆற்றில் போடுவதும் வேண்டாம், இரும்புக்கடைக்குப் போடுவதும் வேண்டாம். முதலில் தாத்தாவின் உரிமப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். வீட்டுச் சரித்திரம் பாதி அதில்தான் இருக்கும்.

நவராத்திரியில் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து மன்னரின் உடைவாளை முன்னிட்டு மூன்று தெய்வங்கள் அனந்தபுரிக்கு எழுந்தருளுகின்றன. குமாரஸ்வாமி தங்குவது இதே சாலையை ஒட்டிய ஆரியசாலையில். அந்த வாளை இன்று யாரும் போருக்காகத் தீட்டுவதில்லை. ஆனாலும் அதன் மதிப்பு ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. நமது வீட்டுப் பழம்பொருளுக்கும் அந்த மரியாதை போதும்.