பல்பிணைய வழங்கிகளில் முகவரிப் பிணைப்பு: வரலாறும் பிழைதேடலும்

பல்பிணைய வழங்கி என்பது ஒன்றுக்கு மேற்பட்ட பிணைய இடைமுகங்களைக் கொண்ட சர்வர் கணினி ஆகும். அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஐபி முகவரிகள் இருக்கும். அதில் இயங்கும் ஒரு செயலி, எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் வரும் இணைப்புகளைத் தான் ஏற்கும் என்று இயக்குதளத்திடம் பதிவு செய்வது முகவரிப் பிணைப்பு எனப்படுகிறது. இது ஒரே ஒரு வரியில் எழுதப்படும் அமைப்பு. ஆனாலும் உருவாக்கியவரின் கணினியில் சரியாக இயங்கிய செயலி சர்வருக்கு மாறியதும் திறக்காமல் போவதற்கும், உள்ளுக்குள் மட்டும் இருக்கவேண்டிய தரவுத்தளம் உலகுக்கே திறந்துகிடப்பதற்கும் இந்த ஒரு வரி காரணமாகிறது. இச்சிக்கலின் வேர் 1969 முதல் 1983 வரை எடுக்கப்பட்ட இரண்டு வடிவமைப்பு முடிவுகளில் உள்ளது.

அடிப்படைக் கருத்து

எடுத்துக்காட்டாக, சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் வழியில் உள்ள அஸ்தம்பட்டியில் ஓர் அலுவலகத்தின் சர்வரைக் கருதலாம். அதில் இரண்டு பிணைய அட்டைகள் உள்ளன. ஒன்று அலுவலகத்தின் உள்பிணையத்தோடு 192.168.1.10 என்ற முகவரியில் இணைந்துள்ளது. மற்றொன்று இணையச் சேவையாளரின் இணைப்பில் 203.0.113.10 என்ற முகவரியில் உள்ளது. இவை தவிர, கணினி தன்னோடு தானே பேசுவதற்கான 127.0.0.1 என்ற முகவரியும் உண்டு.

கணக்குச் செயலி ஒன்று 8080 என்ற போர்ட்டில் இயங்குகிறது எனில், அதை நான்கு வகையில் பிணைக்கலாம். 127.0.0.1 இல் பிணைத்தால் அதே கணினியில் உள்ள செயலிகள் மட்டுமே அதை அடையும். உள்பிணைய முகவரியில் பிணைத்தால் அலுவலகத்தார் அடைவர். வெளி முகவரியில் பிணைத்தால் இணையத்திலிருந்து அடையலாம். 0.0.0.0 எனக் கொடுத்தால் எல்லா முகவரிகளிலும் செயலி காத்திருக்கும். இரு தெருக்களுக்கும் வாசல் வைத்த மூலைவீட்டில் எந்த வாசலில் ஆள் நிற்பது என்று முடிவு செய்வதைப் போன்றது இது.

முகவரி யாருக்கு உரியது?

1969 இல் தொடங்கிய அர்பாநெட் பிணையத்தில் கணினிகள் ஐ.எம்.பி. எனப்பட்ட இடைநிலைக் கணினிகள் வழியாக இணைக்கப்பட்டன. ஒரு கணினியின் முகவரி 8 பிட்டுகளால் ஆனது. அவற்றுள் 6 பிட்டுகள் ஐ.எம்.பி.யின் எண்ணையும், 2 பிட்டுகள் அதில் கணினி செருகப்பட்ட இடத்தையும் குறித்தன. அதாவது, முகவரி என்பது கணினியின் பெயராக இல்லாமல், கம்பி செருகப்பட்ட இடத்தின் பெயராக இருந்தது. பாதுகாப்புக்காக ஒரே கணினியை இரண்டு ஐ.எம்.பி.களில் இணைத்தால், பிணையத்தின் கண்ணுக்கு அது இரண்டு வெவ்வேறு கணினிகளாகவே தெரிந்தது.

1981 செப்டம்பரில் வெளியான ஐபி நெறிமுறையின் ஆவணமான ஆர்.எஃப்.சி. 791, ஒரு கணினிக்குப் பல இடைமுகங்களும் ஒவ்வொன்றிலும் பல முகவரிகளும் இருக்க இடமளித்தது. ஆயினும் முகவரி இடைமுகத்துக்கு உரியது என்ற பழைய கருத்து தொடர்ந்தது. 1982 இல் ஜெரோம் சால்ட்சர் எழுதிய கட்டுரை ஒன்று, சேவை, கணினி, கணினி பிணையத்தில் சேரும் இடம், அவ்விடத்துக்குச் செல்லும் பாதை ஆகிய நான்கும் வேறுவேறு என்று பிரித்துக் காட்டியது. ஒன்றை மற்றொன்றோடு பொருத்துவதையே அவர் பிணைப்பு என்று குறித்தார். இக்கட்டுரை 1993 இல் ஆர்.எஃப்.சி. 1498 ஆக மீண்டும் வெளியிடப்பட்டது.

பெர்க்லி சாக்கெட்டுகள்

1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் டிசிபி/ஐபி நெறிமுறைகளுக்கு மாறியது. அதே ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 4.2 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் பதிப்பை வெளியிட்டது. பில் ஜாய், சாம் லெஃப்ளர் உள்ளிட்டோரின் உழைப்பில் உருவான இப்பதிப்பில்தான் சாக்கெட் என்ற இடைமுகமும், பைண்ட் என்ற அழைப்பும் பரவலாக அறிமுகமாயின. இன்றைய இயக்குதளங்கள் அனைத்தும் ஏறத்தாழ இதே வடிவத்தைப் பின்பற்றுகின்றன.

பைண்ட் அழைப்பில் முகவரியின் இடத்தில் சுழியைக் கொடுத்தால் 'எந்த முகவரியாயினும் சரி' என்று பொருள். செயலியை எழுதுபவருக்கு அது எந்தக் கணினியில், எந்த முகவரியில் இயங்கப்போகிறது என்பது தெரியாது. எனவே இந்த வசதி தேவையாக இருந்தது. அன்றைய பிணையத்தில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். எல்லா வாசல்களையும் திறந்துவைப்பது அப்போது ஆபத்தாகக் கருதப்படவில்லை.

கண்டிப்பான முறையும் தளர்வான முறையும்

ஓர் இடைமுகத்தின் முகவரிக்கு வரவேண்டிய பொதி வேறோர் இடைமுகம் வழியாக வந்தால் ஏற்கலாமா என்ற கேள்வியை 1989 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1122 விவாதித்தது. ஏற்கக்கூடாது என்பது கண்டிப்பான முறை. கணினி ஒன்றுதான், எவ்வழி வந்தாலும் ஏற்கலாம் என்பது தளர்வான முறை. அந்த ஆவணம் இரண்டையும் அனுமதித்தது. லினக்ஸ் தளர்வான முறையைப் பின்பற்றுகிறது. விண்டோஸ், விஸ்டா பதிப்பிலிருந்து கண்டிப்பான முறைக்கு மாறியது.

இதன் விளைவு முக்கியமானது. லினக்ஸில் செயலியை உள்பிணைய முகவரியில் பிணைப்பதால் மட்டும் அது உள்பிணைய அட்டையோடு கட்டுப்பட்டுவிடுவதில்லை. அந்த முகவரிக்கான பொதி மற்ற அட்டை வழியாக வந்து சேர்ந்தாலும் ஏற்கப்படலாம். ஆகவே பிணைப்பு தீயரணுக்கு மாற்றாகாது.

யுடிபி நெறிமுறையில் இன்னொரு சிக்கல் எழுந்தது. எல்லா முகவரிகளிலும் காத்திருக்கும் செயலி பதில் அனுப்பும்போது, அனுப்புநர் முகவரியை இயக்குதளமே வழித்தட அட்டவணையைப் பார்த்துத் தேர்கிறது. கேள்வி ஒரு முகவரிக்கு வந்து, பதில் வேறு முகவரியிலிருந்து சென்றால், கேட்ட கணினி அதைப் புறக்கணிக்கிறது. பெர்க்லியில் உருவான பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருள் இதனாலேயே ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி சாக்கெட் திறந்தது. மேலே கண்ட அழைப்பின் பெயரும் இம்மென்பொருளின் பெயரும் ஒலியில் ஒன்றாக இருப்பது தற்செயலே.

இந்தியாவில் இணையமும் இரு வாசல்களும்

இந்தியாவில் 1986 இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் திட்டம் தொடங்கியது. அதில் பங்கேற்ற எட்டு நிறுவனங்களுள் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது சென்னையும் அதில் இடம்பெற்றது.

1996 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 1918, உள்பிணையங்களுக்கென 10, 172.16, 192.168 எனத் தொடங்கும் முகவரித் தொகுதிகளை ஒதுக்கியது. இதன்பின் அலுவலகங்களில் உள்ளே ஒரு முகவரி, வெளியே ஒரு முகவரி என்ற அமைப்பு வழக்கமானது. அதே காலத்தில் ஒரே சர்வரில் பல வலைத்தளங்களை நடத்த, தளத்துக்கு ஒன்றாகப் பல ஐபி முகவரிகளைக் கொடுக்கவேண்டியிருந்தது. தளத்தின் பெயரைக் கோரிக்கையிலேயே கட்டாயம் அனுப்பச் செய்த எச்டிடிபி 1.1 நெறிமுறை 1997 ஜனவரியில் வெளிவந்த பிறகே இத்தேவை குறைந்தது.

இயல்பிருப்பின் விலை

அமைப்பாளர் எதையும் குறிப்பிடாதபோது மென்பொருள் தானே தேர்ந்துகொள்வது இயல்பிருப்பு எனப்படும். 2017 ஜனவரியில், கடவுச்சொல் இன்றி இணையத்துக்குத் திறந்திருந்த பல்லாயிரக்கணக்கான மோங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, மீட்புப் பணம் கேட்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த 3.6 பதிப்பு முதல் அம்மென்பொருள் இயல்பாக 127.0.0.1 இல் மட்டுமே பிணைகிறது. 2018 பிப்ரவரி 28 அன்று, வெளியே திறந்திருந்த மெம்கேஷ்டி சர்வர்களைப் பயன்படுத்தி கிட்ஹப் தளத்தின் மீது விநாடிக்கு 1.35 டெராபிட் அளவிலான தாக்குதல் நடந்தது. அதன்பின் மெம்கேஷ்டியில் யுடிபி வசதி இயல்பாக அணைக்கப்பட்டது. 1983 இல் வசதியாக இருந்த திறந்த வாசல், 35 ஆண்டுகளில் ஆபத்தாக மாறியிருந்தது.

2013 இல் வெளியான டாக்கர் இதே சிக்கலை இரு திசைகளிலும் கொண்டுவந்தது. கொள்கலனுக்குள் 127.0.0.1 என்பது அக்கொள்கலனை மட்டுமே குறிக்கும். எனவே அதில் பிணைந்த செயலியை வெளியிலிருந்து அடைய முடியாது. மறுபுறம், கொள்கலனின் போர்ட்டை முகவரி குறிப்பிடாமல் வெளியிட்டால், அது தாய்க் கணினியின் எல்லா முகவரிகளிலும் திறக்கிறது.

பிழைதேடும் முறை

முதலில் செயலி எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். நெட்ஸ்டாட், அல்லது லினக்ஸில் எஸ்எஸ் என்ற கட்டளை இதைக் காட்டும். 127.0.0.1 எனக் காட்டினால், வெளியிலிருந்து திறக்காததற்கு அதுவே காரணம்.

செயலி தொடங்கவே மறுத்தால் பிழைச்செய்தியைப் படிக்கவேண்டும். முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்றால், அதே போர்ட்டில் வேறொரு செயலி உள்ளது. அது 0.0.0.0 இல் இருந்தால் எல்லா முகவரிகளையும் அடைத்துக்கொண்டிருக்கும். கேட்ட முகவரியை ஒதுக்க இயலாது என்றால், அந்த முகவரி இக்கணினியில் இல்லை. பழைய சர்வரின் முகவரி அமைப்புக் கோப்பில் தங்கியிருக்கலாம். கணினி தொடங்கும்போது அட்டைக்கு முகவரி கிடைக்கும் முன்பே செயலி ஓடியிருக்கலாம்.

அடுத்து அதே கணினியிலிருந்தும், உள்பிணையத்திலிருந்தும், வெளியிலிருந்தும் வரிசையாகச் சோதிக்கவேண்டும். இணைப்பு உடனே மறுக்கப்பட்டால் பெரும்பாலும் பொதி கணினியை அடைந்துவிட்டது, ஆனால் அந்த முகவரியில் காத்திருப்பவர் இல்லை. பதிலே இல்லாமல் நேரம் கடந்தால் தீயரண் தடுத்திருக்கலாம், அல்லது ஒரு வாசலில் வந்த கேள்விக்கான பதில் மற்ற வாசல் வழியாகச் சென்று தொலைந்திருக்கலாம். டிசிபிடம்ப் கருவியால் இரு இடைமுகங்களையும் கவனித்தால் இது தெளிவாகும். அனுப்புநர் முகவரிக்கேற்ப வழியைத் தேர்வதே இதற்குத் தீர்வு. லினக்ஸில் இவ்வசதி 1999 இல் வந்த 2.2 பதிப்பு முதல் உள்ளது.

நிறைவாக, யார் இச்செயலியை அடையவேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அதற்குத் தேவையான முகவரியை மட்டும் வெளிப்படையாக எழுதவேண்டும். வெளியிலிருந்து திறக்கவில்லை என்பதற்காக 0.0.0.0 என மாற்றுவது பல வேளைகளில் உடனே பலன் தரும். அஸ்தம்பட்டி அலுவலகத்தில் அப்படி மாற்றினால் கணக்குச் செயலி மேசைக் கணினிகளில் திறக்கும். தீயரண் இல்லையெனில் அதே நொடியில் இணையத்துக்கும் திறக்கும். அந்த இரண்டாவது வாசல் திறந்ததை எந்தப் பிழைச்செய்தியும் சொல்லாது.