கடைத்தெருவில் தண்டனை, கடல் கடந்து நீதி

லாஸ்பேட்டை என்னும் பெயரிலுள்ள 'லா' சட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அன்று. 1765 முதல் 1777 வரை புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு ஆளுநர் ழான் லா தெ லொரிஸ்தோனின் குடிப்பெயரே அது என்பர். ஊர்ப்பெயரில் சட்டம் இல்லை, ஆட்சியாளரே இருக்கிறார். அக்காலப் புதுச்சேரியில் நீதியும் இவ்வாறே இருந்தது என்பதற்கு, அவருக்கு அரை நூற்றாண்டு முன்னர் நிகழ்ந்த ஒரு வழக்கே சான்று.

நைனியப்பப் பிள்ளை பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பெனியின் தலைமைத் தரகர். 1716-இல் ஆளுநர் எபேர் அவரைக் கொடுங்கோன்மை, அரசுக்கு எதிரான கலகம் ஆகிய குற்றங்களைச் சாட்டிச் சிறைப்படுத்தினார். சாட்சிகள் தமிழில் கூறியவை போர்த்துக்கீசிய மொழிக்கும், அதிலிருந்து பிரெஞ்சுக்கும் பெயர்க்கப்பட்டன. தாம் வாசிக்க இயலாத ஏட்டில் அவர்கள் கையொப்பமிட்டனர். தீர்ப்பு: கடைத்தெருவில் ஐம்பது சவுக்கடி, மூன்றாண்டுச் சிறை, பெருந்தண்டம். 1717-இல் அவர் சிறையிலேயே மாண்டார்.

இவ்விடத்தில் நாம் நம் வீட்டுக் குறையையும் மறைத்தல் ஆகாது. அப்பதவியில் கிறிஸ்தவர் ஒருவரே அமர வேண்டுமென இயேசு சபையினர் நெடுங்காலம் வற்புறுத்தி வந்தனர்; நைனியப்பரின் வீழ்ச்சிக்குப் பின் பெதுரு என்னும் கிறிஸ்தவர் அதனைப் பெற்றார். ஆயினும் கப்புச்சின் துறவியரும் பாரீசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையினரும் நைனியப்பரின் பக்கம் நின்றனர். ஒரே மறையைச் சார்ந்தோரும் நீதியின் முன் இரு பிரிவாயினர்.

பிரான்சுக்கு முறையீடுகள் சென்றன. தீர்ப்பு மாற்றப்பட்டது, எபேர் பதவியிழந்தார். மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்குச் சென்று, திருமுழுக்குப் பெற்று, புனித மிக்கேல் விருதுடன் திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்தார். நீதி வென்றது என்று நாம் மகிழலாமா? தவறிழைத்த ஆளுநர் இழந்தது பதவியை. தமிழர் இழந்ததோ உயிரை. சவுக்கடியை ஊரே கண்டது. குற்றமற்றவர் என்னும் சொல்லோ கடலுக்கு அப்பால் காகிதத்தில் எழுதப்பட்டது. அக்கடலைக் கடக்கும் செல்வமும் செல்வாக்கும் அக்குடும்பத்திற்கு இருந்தன. அவை இல்லாதோர் எத்தனை பேர் எனக் கணக்கிட ஏடு இல்லை.

ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் இந்நிலை முற்றிலும் மாறவில்லை. 1873-இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியக் காலணி அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்தினுள் நுழைந்தமைக்காகத் தண்டிக்கப்பட்டார். அவருக்கும் பாரீசின் உயர்நீதிமன்றமே நியாயம் வழங்கியது. 1881-ஆம் ஆண்டின் ஆணை, தம் மரபுச் சட்டத்தைத் துறப்போருக்குப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை அளித்தது. அவரும் துறந்து 'லாப்போர்த்' என்னும் பெயர் பூண்டார். அதற்குக் 'கதவு' என்பது பொருள். ஆனால் 1884-இல் வாக்காளர் பட்டியல்கள் மூன்றாயின: ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர். கதவு திறந்த பின்னும் ஒரே அவையில் இருக்கைகள் வேறாயின.

நீதிமன்றத்தை ஒருவர் நம்புவதும் மற்றொருவர் அஞ்சுவதும் மனப்போக்கின் வேறுபாடு அன்று. அவரவர் பட்டறிவின் வேறுபாடு. அஞ்சுபவரை அறியாமையுடையவர் என இகழ்வது எளிது. புரியாத மொழியில் எழுதிய தாளில் இன்றும் கைநாட்டு வைக்கும் ஏழை நம் பங்கிலும் உண்டு. அவர் அருகில் அமர்ந்து, அதைத் தமிழில் படித்துக் காட்டி, அதன் பின் மையை நீட்டுவோமாயின், நைனியப்பருக்கு அன்று மறுக்கப்பட்டதில் ஒரு சிறு பகுதியையேனும் நாம் திருப்பித் தந்தவராவோம்.