ஒரு ரூபாய் இட்லியும் பரிமாறுபவரின் பொறுமையும்: அம்மா உணவகப் பெண்களின் உணர்ச்சி உழைப்பு

விமானப் பணிப்பெண்ணின் புன்னகையும் கூலிக்கு வாங்கப்படும் உழைப்பே என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1983இல் எழுதினார். அந்த உணர்ச்சி உழைப்பின் சுமைக்கு உணவக நிர்வாகங்கள் சொல்லும் மருந்து பயிற்சி: கோபப்படாதே, சிரித்துப் பேசு. மாத்தூர் வட்டாரத்து அம்மா உணவகங்களை வைத்துப் பார்த்தால், சுமை பிறக்கும் இடம் வேறு என்பது விளங்கும்.

மாத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. மணலி மண்டலத்தில் இருக்கிறது. சுற்றிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். 2013 பிப்ரவரியில் மாநகராட்சி தொடங்கிய மலிவு விலை அம்மா உணவகங்களில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சமைப்பதும் பரிமாறுவதும் கழுவுவதும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களே.

மதியச் சாப்பாடு முடியும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். அண்டாவின் அடியைக் கரண்டி சுரண்டுகிறது. லோடு இறக்கிவிட்டு வந்தவர் கையில் சில்லறையோடு டோக்கன் கேட்கிறார். "தீந்துபோச்சுண்ணா" என்கிறார் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கும் பெண். எத்தனை கிலோ அரிசி வரும், என்ன விலை என்பதை முடிவு செய்தவர் அவரல்லர். வசவு மட்டும் அவருக்கு. விமானப் பயணி இறங்கிப் போய்விடுவார். இங்கே திட்டியவர் நாளையும் அதே வரிசையில் நிற்பார். பக்கத்துத் தெருக்காரராகவும் இருக்கலாம்.

இந்த நெருக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பல்லில்லாத பெரியவருக்குச் சாதத்தைக் குழைத்துக் கொடுக்க யாரும் சொல்லித் தருவதில்லை. எழுதிவைத்த புன்னகையைத் திணித்தால் முதலில் சாவது இந்தப் பரிவுதான்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013), பணியிடத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்தும் பெண்களைக் காக்கும் கடமையை வேலை தருபவர் மேல் வைக்கிறது. சாப்பிட வருபவரும் அதில் அடங்குவார். ஆனால் கடை ஊழியருக்கு 2021இல் கிடைத்த உட்காரும் உரிமை இவர்களை எட்டவில்லை. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் உள்ளாட்சி அமைப்புகளின் நிறுவனங்களுக்கு விலக்களித்திருக்கிறது. மணிக்கணக்கில் நின்று கால் கடுக்கிறவரிடம் பொறுமையை மட்டும் கூட்டிக் கேட்பது அநியாயம். 2024இல் கட்டடச் சீரமைப்புக்கும் பாத்திரங்களுக்குமாக 21 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதே சமயம் தினக்கூலி 300இலிருந்து 325 ஆனது. பாத்திரம் தேய்ந்தது கணக்கில் வந்தது, மனம் தேய்ந்தது வரவில்லை.

ஆகவே மாற்ற வேண்டியது வேலையின் அமைப்பை. மீதமுள்ள தட்டுகளின் எண்ணிக்கை வாசலிலேயே தெரிய வேண்டும். டோக்கன் ஜன்னலில் ஒருவரே நாள் முழுக்க நிற்காமல் முறைமாற்றி நிற்க வேண்டும். அத்துமீறுகிறவருக்குப் பரிமாற மறுக்கும் அதிகாரமும், அதற்குத் துணைநிற்கும் மேற்பார்வையாளரும் வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும். இவற்றைச் சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் மாநகராட்சியே உத்தரவாகப் பிறப்பிக்கலாம், பிறப்பிக்க வேண்டும்.