ஒய் 36: பட்டியலில் இல்லாத காயம்

சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் ஐசிடி-10 பட்டியலிலிருந்து குறியீடு இட வேண்டும். என் பயிற்சி வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். முதல் நாளே சொல்லித்தந்த விதி: ஆவணத்தில் எழுதாதது நடக்கவில்லை.

காயத்தின் வெளிக்காரணங்களைப் படித்தபோது ஒய் 36 வந்தது: போர் நடவடிக்கைகள். "இது நமக்கு வரவே வராது, தள்ளுங்க" என்றார் பயிற்சியாளர். எனக்குத் தள்ள முடியவில்லை. அமெரிக்கப் பதிப்பில் ஒய் 36.44 என்பது போரில் ஆயுதமில்லாத கைகலப்பு. ஆறாவது இடத்தில் 0 என்றால் படையினர், 1 என்றால் பொதுமக்கள். ஏழாவது இடத்தில் ஏ தொடக்கச் சிகிச்சை, டி தொடர் சிகிச்சை, எஸ் பின்விளைவு. அடுத்த வரிகளில் மழுங்கிய அல்லது கூரிய பொருளால் தாக்குதல், மூச்சை அடைத்தல் எல்லாம் தனித்தனியாக உள்ளன. பாலியல் வல்லுறவு இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 மூலப் பட்டியலில் தேடினேன். உடல்பலத்தால் பாலியல் தாக்குதலுக்கு ஒய் 05 இருக்கிறது. 'தாக்குதல்' என்ற பிரிவில். அந்தப் பிரிவின் தலைப்பிலேயே ஒரு விலக்குக் குறிப்பு: போர் நடவடிக்கைகளால் வந்த காயங்கள் இதில் சேரா, ஒய் 36 பார்க்க. ஒய் 36-இல் வல்லுறவுக்குப் பெயரில்லை. போரில் வல்லுறவுக்கு ஆளான பெண் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே விழுந்துவிடுகிறாள்.

இது வெறும் அலுவலகச் சிக்கல் அன்று. காங்கோவின் புக்காவு நகரில் டாக்டர் டெனி முக்வேகே 1999-இல் பான்சி மருத்துவமனையைத் தொடங்கினார். பிரசவத்தில் தாய்மார் சாவதைத் தடுப்பதே நோக்கம். ஆனால் முதலில் வந்தவர் வல்லுறவுக்குப் பின் பிறப்புறுப்பில் சுடப்பட்ட பெண் என்று 2018-இல் தன் நோபல் உரையில் சொன்னார். அங்கே வந்த பலருக்கு ஃபிஸ்டுலா: சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே துளை விழுந்து, சிறுநீர் ஓயாமல் கசியும். அதன் குறியீடு என் 82.0. நாள்கணக்கில் நீண்ட பிரசவத்தால் ஃபிஸ்டுலா வந்தவருக்கும், ஆயுதக் கும்பல் சிதைத்தவருக்கும் அதே எண்தான். போரைச் சொல்ல வேண்டியது வெளிக்காரணக் குறியீடு. அது இல்லையென்றால் போர் அந்த ஏட்டிலிருந்து மறைந்துபோகும். பெண்ணின் உறுப்புக் கோளாறு மட்டும் மிஞ்சும்.

சட்டமும் நெடுநாள் இப்படித்தான் இருந்தது. 1949-இன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, 27-ஆம் பிரிவில் வல்லுறவைப் பெண்களின் 'மானத்தின்' மீதான தாக்குதல் என்றது. உடலின் காயம் அங்கேயும் பின்னுக்குப் போனது.

ருவாண்டா இனப்படுகொலைக்காக ஐ.நா. அமைத்த தீர்ப்பாயம் அக்காயேசு என்ற மேயரை 1997-இல் விசாரிக்கத் தொடங்கியபோது, குற்றப்பத்திரிகையில் வல்லுறவு இல்லை. சாட்சி சொல்ல வந்த ஒரு பெண், தன் சின்னஞ்சிறு மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். நீதிபதிகள் மேலும் கேட்டார்கள். அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி, டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளியினரான நவநீதம் பிள்ளை. வேறு பெண்களும் பேசினார்கள்; குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2-இல் வந்த தீர்ப்பு, வல்லுறவும் இனப்படுகொலையின் செயலாகலாம் என்றது.

அந்த விசாரணையைப் படித்தபோது என் பழைய வேலை நினைவுக்கு வந்தது. குறிப்பு தெளிவாக இல்லையென்றால் டாக்டருக்கு 'குவெரி' அனுப்புவோம்: இந்தக் காயம் எப்படி வந்தது, தயவுசெய்து எழுதுங்கள். கட்டிலில் கிடக்கும் பெண்ணிடம் அதை யாராவது மரியாதையோடு, அவள் சம்மதத்தோடு கேட்க வேண்டும். அவள் பெயர் வெளியே போகக் கூடாது; காரணம் ஏட்டில் ஏற வேண்டும். மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் நிதி கேட்கப் போனால், எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பின்விளைவுக்கு ஏழாவது இடத்தில் எஸ் போடுவோம். காயம் ஆறிய பிறகும் வருடக்கணக்கில் தொடரும் துன்பத்துக்கு அந்த ஓர் எழுத்து. அதற்கு முன்னால் வர வேண்டிய எண் இன்னும் எழுதப்படவில்லை.