எந்த ஆத்து மீன் இது?

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில நின்று பார்த்தா மகாவலி ஒரே ஆறாத்தான் தெரியும். பிங்கா ஓயா வந்து சேர்ற இடத்தில நிறம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். ஆனா இதே ஆற்றின் மேல்பகுதி ஓடைகளில், மலைநாட்டுப் பக்கம், ஒரு காலத்தில் இந்த ஆற்றில் இல்லாத மீன்கள் இன்று வாழ்கின்றன. அவை தானா நீந்தி வந்தவை இல்லை. மனுஷர் கொண்டுவந்து விட்டவை. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போறோம்.

மீன் தொட்டி வைத்திருக்கிறவங்களுக்கு ‘புலத் ஹபயா’வைத் தெரிந்திருக்கும். வெற்றிலை சப்புபவன் என்று அர்த்தம். ஆண் மீனுக்கு உற்சாகம் வந்தால் தலைப் பக்கம் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்து, உடம்பு கறுத்துவிடும். உலகம் முழுக்க மீன் கடைகளில் இதை ‘பிளாக் ரூபி பார்ப்’ என்று விற்கிறார்கள். இதோடு இன்னொரு சிறிய மீன்: இரண்டு கறுப்புப் புள்ளி உள்ள ‘தெபுல்லியா’. இரண்டுக்கும் 1868இல் அறிவியல் பெயர் வைத்தவர் லண்டனில் இருந்த ஆல்பர்ட் குந்தர். இரண்டும் இலங்கைக்கு மட்டுமே உரியவை. தென்மேற்கின் ஈரவலய ஓடைகள்தான் அவற்றின் வீடு.

தெபுல்லியாவில் ஒரு விசேஷம் உண்டு. களனி ஆற்றிலும் அதற்கு வடக்கேயும் பிடித்தால் செட்டை சிவப்பா இருக்கும். களுகங்கையிலும் அதற்குத் தெற்கேயும் பிடித்தால் மஞ்சள். மீன் பிடிப்பவருக்கும் விற்பவருக்கும் இது ‘சிவப்புச் செட்டை’, ‘மஞ்சள் செட்டை’. இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வியா இருக்கவில்லை. அழகா இருந்தால் விலை போகும்.

இப்போ கொஞ்ச நேரம் மடகஸ்காருக்குப் போவோம். அங்கே ‘பாந்தர்’ பச்சோந்தி என்று ஒரு இனம். ஊருக்கு ஊர் நிறம் மாறும். நோசி பே தீவில் இருப்பது நீலம் கலந்த பச்சை. அம்பிலோபே பக்கத்தில் சிவப்புப் பட்டை போட்டவை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றை வளர்ப்பவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் வாங்குவார்கள், விற்பார்கள். இரண்டு ஊர் நிறங்களைக் கலந்து புதிய நிறம் எடுக்கலாமா என்பது அவர்களிடையே பழைய சண்டை. “எல்லாம் ஒரே இனம்தானே, என்ன தப்பு?” என்பது ஒரு தரப்பு. 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷெல் மிலின்கோவிச்சின் குழு 324 பச்சோந்திகளின் மரபணுவைப் பார்த்தது. ஒரே இனம் என்று நினைத்ததற்குள்ளே 11 தனிப் பிரிவுகள் இருக்கலாம், அவற்றைத் தனி இனங்களாகவே கருத வேண்டிவரலாம் என்று சொன்னது. அதாவது “ஒரே இனம்தானே” என்று சொல்லிக் கலந்தவர்கள், தாங்கள் எதைக் கலக்கிறோம் என்று தெரியாமலே கலந்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கல். நிறம் எல்லாம் ஆண் பச்சோந்திக்குத்தான். பெண் எந்த ஊராக இருந்தாலும் மங்கலான பழுப்பு, இளஞ்சிவப்பு. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விற்பவர் சொல்ற வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. ஒருவர் ஒரு தடவை பொய் சொன்னால் அது அடுத்த தலைமுறைக் குட்டிகளின் சீட்டிலும் எழுதப்படும்.

நம்ம தெபுல்லியாவுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2008இல் மாதவ மீகஸ்கும்புரவும் கூட்டாளிகளும் சிவப்புச் செட்டைத் தெபுல்லியா தனி இனம் என்று அறிவித்து அதற்குப் புதுப் பெயர் வைத்தார்கள். கடைக்காரருக்கு ‘கலர் வித்தியாசம்’ என்றிருந்தது திடீரென்று இரண்டு இனம் ஆகிவிட்டது. அதோடு கதை முடிந்திருந்தால் பாடம் சுலபம். முடியவில்லை. 2021இல் ஹிரண்ய சுதசிங்கவும் அவருடைய குழுவும் தீவு முழுக்கச் சேகரித்த மீன்களின் மரபணுவைப் பார்த்துவிட்டு, சிவப்பும் மஞ்சளும் தனித்தனி இனமாகப் பிரியவில்லை, ஒரே இனம்தான் என்றார்கள். இந்த வேலையில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. நாங்கள் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற அதே வளாகத்தில் மீன்களின் வரலாறும் படிக்கப்படுகிறது என்பது இதைத் தேடும்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

அப்போ கலந்தவர்கள் சரியா? இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. ஈரவலயத்தில் இந்த மீன்களின் மரபணு இடத்துக்கு இடம் நன்றாகவே வேறுபடுகிறது. பெயர் ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஓர் ஆற்று மீனும் அடுத்த ஆற்று மீனும் மிக நீண்ட காலம் பிரிந்து வாழ்ந்திருக்கின்றன. ஆராய்ச்சியாளர் பெயரைச் சேர்ப்பார்கள், பிரிப்பார்கள். அந்தப் பிரிவின் வரலாறு மீனுக்குள்ளே இருக்கிறது. ஒரு தடவை கலந்துவிட்டால் அதைத் திரும்பப் பிரித்து எடுக்க முடியாது. கலவைத் தேயிலையில இருந்து ஒவ்வொரு தோட்டத்துக் கொழுந்தையும் தனியாப் பொறுக்க முடியுமா? அது மாதிரி.

இனி மகாவலிக்கு வருவோம். 1980களில் தென்மேற்குக் காடுகள் வெட்டப்பட்டு, அங்கிருந்த மீன்கள் அழிந்துவிடும் என்ற பயம் இருந்தது. ரணில் சேனாநாயக்கவும் பீட்டர் மொய்லும் 1982இல் இலங்கையின் நன்னீர் மீன்களைக் காப்பது பற்றி எழுதினார்கள். அந்தக் காலத்தில் சில மழைக்காட்டு மீன்கள் மகாவலிப் படுகையின் ஓடைகளில் கொண்டுவந்து விடப்பட்டன. ஒரு வீடு எரிந்தாலும் இன்னொரு வீட்டில் பிள்ளை பிழைக்கும் என்ற எண்ணம். அதன் பலன் என்ன என்று எரிக் விக்ரமநாயக்க 1990இல் ‘கன்சர்வேஷன் பயாலஜி’ இதழில் எழுதினார். மலைநாட்டில் இன்று இருக்கிற புலத் ஹபயாவும் சிவப்புச் செட்டையும் களனி ஆற்றிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும் என்று 2021 ஆய்வு சொல்கிறது.

கவனிங்க: அவை எங்கிருந்து வந்தன என்பதை நாற்பது வருஷம் கழித்து மரபணுவைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. இது ஏன் முக்கியம்? நாளைக்குக் களனியின் ஓர் ஓடையில் புலத் ஹபயா அழிந்துபோனால், மலைநாட்டு மீனைக் கொண்டுபோய் விடுவது பற்றி யோசிக்கலாம். களுகங்கையில் அழிந்தால் அதே மீன் உதவாது. ஆனால் ‘புலத் ஹபயா’ என்று மட்டும் எழுதிய ஒரு தொட்டி மீன், எத்தனை ஆற்று ரத்தம் கலந்தது என்று தெரியாத மீன், எந்த ஆற்றுக்கும் உதவாது. தொட்டியில் அது சந்தோஷமாகவே இருக்கலாம். அந்த மீனுக்கு நாம் ஒரு கொடுமையும் செய்யவில்லை. ஆனால் அது ஊர் இல்லாத மீன்.

ஊர்ச் சீட்டு தொலைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு உதாரணம் ‘ஒடெசா பார்ப்’. 1970களில் சோவியத் யூனியனின் ஒடெசா நகரில் செக்கச் செவேல் என்று ஒரு மீன் விற்பனைக்கு வந்தது. எங்கே பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. கலப்பில் பிறந்தது என்று சிலர் சொன்னார்கள், வளர்ப்பில் எடுத்த நிறம் என்று சிலர். கடைசியில் அது மியன்மாரின் காட்டு மீன் என்று தெரிந்து, 2008இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. முப்பது வருஷத்துக்கும் மேலாக, உலகம் முழுக்க வீடுகளில் இருந்த ஒரு மீனின் சொந்த ஊர் தெரியவில்லை.

இங்கே எங்களுக்கே ஒரு தயக்கம் வருகிறது. “கலப்பு கூடாது”, “இது இந்த ஊருக்கு உரியது இல்லை” என்று எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. இந்த நாட்டில், இந்த மலைநாட்டில், இந்த வார்த்தைகளை யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று நமக்குத் தெரியும். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்து, தோட்டத்து மக்களைப் பார்த்து நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று ஆட்களை மூட்டை மாதிரி எண்ணினார்கள். அதனால் ‘தூய ரத்தம்’ என்ற பேச்சு எங்கே கேட்டாலும் நமக்கு எரிச்சல் வருவது நியாயம்.

ஆனால் மனுஷரும் மீனும் ஒன்றில்லை. மனுஷர் தாங்களே நடப்பார்கள், காதலிப்பார்கள், தங்கள் கதையைத் தாங்களே சொல்வார்கள். மீனை எடுத்துப் போவது நாம், கலப்பது நாம், சீட்டை எழுதுவதும் கிழிப்பதும் நாம். மனுஷரிடம் “எந்த ஊர்?” என்று கேட்டது வெளியே அனுப்ப. மீனைப் பற்றி “எந்த ஆறு?” என்று கேட்பது நாம் செய்ததற்குக் கணக்கு வைக்க. மகாவலியில் பெருகிவிட்ட களனி மீனைப் பிடித்துத் துரத்த வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அதன் கதையை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்கிறோம்.

“ஆறுகளையே கலக்குறாங்க, சின்ன மீன் என்ன?” என்று கேட்கலாம். உண்மைதான். 1976இல் கட்டி முடித்த பொல்கொல்லை அணை கட்டுகஸ்தோட்டைக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. அங்கிருந்து மலைக்குள்ளே சுரங்கம் வழியா மகாவலித் தண்ணீர் உக்குவளைக்குப் போகிறது. பிறகு போவத்தென்னையில் இன்னொரு சுரங்கம் வழியா களா ஓயாப் பக்கமும் போகிறது. வெள்ளைக்காரர் மலைநாட்டு ஆறுகளில் டிரவுட் விட்டார்கள். 1952இல் திலாப்பியா வந்தது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஆண்டு இருக்கிறது, ஆவணம் இருக்கிறது. அதனால்தான் அவற்றைப் பற்றி இன்று வாதாடவாவது முடிகிறது. ஒரு பொலித்தீன் பையில் வந்து ஓடையில் கொட்டப்படும் மீனுக்கு எதுவும் இல்லை.

எனவே மீன் வளர்க்கிற நண்பர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய தியாகம் இல்லை. வாங்கும்போது எந்த ஆற்று மீன் என்று கேளுங்க. தெரிந்தால் தொட்டியில் எழுதி ஒட்டுங்க, வெவ்வேறு ஆற்று மீனைச் சேர்த்துக் குஞ்சு எடுக்காதீங்க. கலந்து எடுத்திருந்தால் கலந்தது என்றே சொல்லி விற்கணும். வளர்க்க முடியாமல் போனாலும் மகாவலியில் விடாதீங்க. பாவம் பார்த்து விடுகிற அந்த ஒரு கை மீன், பல்லாயிரம் வருஷக் கணக்கைக் குழப்பிவிடலாம்.

அடுத்த தடவை கடையில் புலத் ஹபயாவைப் பார்த்தால் விலையை அப்புறம் கேட்கலாம். முதலில் ஊரைக் கேட்போம். கடைக்காரர் சிரிப்பார். பரவாயில்லை. இரண்டாவது ஆள் வந்து கேட்கும்போது அவரும் யோசிப்பார்.