கணக்குக் கேட்ட பெண்மணி: எலூயிஸ் கோபெல்லும் அமெரிக்க ஆதிக்குடிகளின் நிலவுரிமையும்

ஆதிக்குடி மக்களின் வரலாறு பெரும்பாலும் போர்களின் வரலாறாகவும் உடன்படிக்கைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், ஒரு மக்கட் கூட்டத்தின் உடைமை கணக்கேடுகளின் வழியாகவும் பறிபோகக்கூடும். அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்திற் பிறந்த எலூயிஸ் கோபெல் (1945 - 2011) என்னும் பிளாக்பீட் இனப் பெண்மணியின் வாழ்வு இவ்வுண்மையைத் தெளிவுறுத்துகின்றது.

1887ஆம் ஆண்டின் டோஸ் சட்டம், ஆதிக்குடிகள் கூட்டாக ஆண்டுவந்த நிலங்களைத் தனியாட்களுக்குரிய துண்டுகளாகப் பிரித்தது. 'மிகுதி' எனக் கணிக்கப்பட்டவை வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டன. இதன் பயனாக, 1887இல் சுமார் 13 கோடியே 80 இலட்சம் ஏக்கராக இருந்த அவர்தம் நிலம் 1934இல் ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சம் ஏக்கராகச் சுருங்கிற்று. எஞ்சிய துண்டுகளிலிருந்து மேய்ச்சல், மரம், எண்ணெய் ஆகியவற்றின் குத்தகையாகக் கிடைத்த வருமானத்தை அரசாங்கமே நம்பிக்கைப் பொறுப்பாளராக நின்று பெற்றது. ஆனால் எவருடைய நிலத்திலிருந்து எவ்வளவு பெறப்பட்டது, அதில் எவ்வளவு உரியவரைச் சேர்ந்தது என்பவற்றுக்கு ஒழுங்கான கணக்குப் பேணப்படவில்லை. தலைமுறைதோறும் வாரிசுகள் பெருக, ஒரே துண்டுக்குப் பலர் உரித்தாளராயினர், குழப்பமும் பெருகிற்று.

பிளாக்பீட் இனத்தவரின் பொருளாளராகப் பதின்மூன்று ஆண்டுகள் கடமையாற்றிய கோபெல், இச்சீர்கேட்டை ஏடுகளிலேயே கண்டறிந்தார். அதிகாரிகளிடம் விளக்கம் கோரியபோது தக்க விடை கிடைக்கவில்லை. எனினும் அவர் முறையீட்டோடு நின்றுவிடவில்லை. 1987இல் பிளாக்பீட் தேசிய வங்கி தோன்ற முன்னின்றார். ஓர் ஆதிக்குடி இனத்துக்கே சொந்தமாக, அதன் நிலப்பகுதியிலேயே அமைந்த முதலாவது தேசிய வங்கி அதுவாகும். தம் பணத்தைத் தாமே நிருவகிக்க இயலாதவர்கள் என்ற பழைய கூற்றுக்கு இவ்வங்கியே சிறந்த மறுப்பாயிற்று. 2001இல் வேறு இனக்குழுக்களும் பங்குகொண்ட பெரிய வங்கியாக அது விரிவுபெற்றது.

1996 யூன் மாதத்தில், இலட்சக்கணக்கான நிலவுரித்தாளர்களின் சார்பில் மத்திய அரசாங்கத்துக்கு எதிராக அவர் வழக்குத் தொடர்ந்தார். 1997இல் தமக்குக் கிடைத்த மக்ஆதர் பரிசுப் பணத்தின் பெரும்பகுதியையும் அவ்வழக்குக்கே வழங்கினார். 1999இல் அரசாங்கம் தனது நம்பிக்கைப் பொறுப்பை மீறியுள்ளது என நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும் மேன்முறையீடுகளால் வழக்கு நீண்டது. 2009 டிசம்பரில் 340 கோடி டொலருக்கு இணக்கம் காணப்பட்டது; 2010இல் சட்டம் அதனை உறுதிசெய்தது. இத்தொகையில் ஒரு பகுதி தனியாட்களுக்கும், 190 கோடி டொலர் சிதறுண்ட நிலவுரிமைகளை விலைக்கு வாங்கி இனக்குழுக்களிடம் சேர்ப்பதற்கும் ஒதுக்கப்பட்டது. ஆதிக்குடி மாணவரின் உயர்கல்விக்கென 6 கோடி டொலர் வரையிலான உதவிநிதிக்கும் வழிசெய்யப்பட்டது.

இவ்விணக்கத்தைக் குறைகூறியோரும் உளர். வழக்காளிகள் ஒரு கட்டத்திற் கோரியது 4,700 கோடி டொலர். அன்றியும், வழக்கின் மூலக் கோரிக்கையான முழுமையான கணக்கு இறுதிவரை வழங்கப்படவில்லை. இக்குறை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் நீதியை எதிர்பார்த்திருந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். காலதாமதம் அரசாங்கத்துக்கு இழப்பன்று, வழக்காளிகளுக்கே இழப்பு. கோபெல் தாமும் 2011 ஒக்டோபரில், மக்கள் கைக்குப் பணம் வந்து சேருமுன்னரே காலமானார். 2016இல் அமெரிக்க சனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் அவர் மறைவின் பின் வழங்கப்பட்டது.

அறப்பணி என்பது இருப்பவர் இல்லாதவர்க்கு இரங்கி ஈவது என்றே பெரிதும் கருதப்படுகின்றது. கோபெல்லின் பணி அக்கருத்தை மாற்றியமைக்கின்றது. அவர் தம் மக்களுக்காக எவரிடமும் ஈகையை வேண்டவில்லை. அவர்களுக்கு உரியதன் கணக்கையே கேட்டார். பரிசுப் பணத்தை வழக்குக்கும், அறிவை வங்கிக்கும், வழக்கின் பயனைக் கல்விக்கும் ஆக்கிய அவ்வாழ்வில், ஈகையும் உரிமைப் போராட்டமும் ஒன்றாயின. வறியோரின் வறுமையை ஆராய்வோர், அவர்களிடம் இல்லாததை எண்ணுமுன் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டதை எண்ணுதல் வேண்டும் என்பதே அவ்வாழ்வு வரலாற்று மாணவர்க்கு விட்டுச்செல்லும் பாடமாகும்.