குழந்தைகளுக்கு ஏற்ற நாய்: பழைய கணக்கு என்ன சொல்கிறது?

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, எந்த நாய் வளர்க்கலாம்? பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஐந்து பேர் லேப்ரடார் என்பார்கள். மூன்று பேர் கோல்டன் ரெட்ரீவர். ஒருவர் பக். மிச்சமுள்ள ஒருவர், "நாயே வேண்டாம் சார், கடிச்சு வெச்சா யாரு பாக்கறது?" என்பார். ஆறு மாதமாக எங்கள் நாக்பூர் வீட்டிலும் இதே பேச்சுதான். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் கோல்டன் கட்சி. தங்கமணி எதிர்க்கட்சி, ஏனென்றால் சின்னவனுக்கு மூன்று வயதுதான் ஆகிறது. நான் வழக்கம்போல் நடுநிலை. :-)

கடன் கேட்டு வருபவரின் பழைய கணக்கைப் பார்க்காமல் நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை. நாய்களுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கத்தானே வேண்டும் என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மேலே சொன்ன இனங்களில் ஒன்றுகூடக் குழந்தைகளுக்காக உருவானதில்லை. எல்லாம் வேறு வேலைக்காக வளர்க்கப்பட்டவை. அந்த வேலையின் சில குணங்கள், பிறகு குழந்தை உள்ள வீட்டுக்கும் பொருந்திப் போயின.

மீன் பிடித்த நாய்

லேப்ரடாரின் பூர்வீகம் லேப்ரடார் இல்லை, அதற்குத் தெற்கே உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவு. அங்கே மீனவர்கள் கறுப்பு நிறத்தில் ஒரு தண்ணீர் நாய் வைத்திருந்தார்கள். தூண்டிலிலிருந்து நழுவும் மீனைப் பிடிப்பதும், பனிக்கடலில் வலைக்கயிற்றை இழுத்து வருவதும் அதன் வேலை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் ஏற்றிய கப்பல்களோடு அது இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்தது. பக்கத்து ஜமீன்தாரான மால்ம்ஸ்பரி பிரபு, சுட்ட வாத்தை எடுத்து வர அதைப் பழக்கினார். 1880களில் அந்த வம்சத்து நாய்கள் சில ஸ்காட்லாந்தின் பக்ளூ பிரபுவிடம் போயின. இன்றைய லேப்ரடார்கள் அந்த வழியில் வந்தவை. 1903இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. நியூஃபவுண்ட்லாந்தில் இருந்த மூல இனமோ 1980களில் அழிந்தே போனது.

சுட்ட பறவையை எடுத்து வரும் நாய் அதைக் கடித்துக் குதறக்கூடாது. பல் பதியாமல் கவ்வ வேண்டும். துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளக்கூடாது. முன்பின் தெரியாத பலர் சுற்றி நின்றாலும் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் குணமுள்ள நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். குழந்தை வீறிட்டு அழுதாலும் லேப் பொதுவாக அசராமல் படுத்திருப்பதற்கு இந்தத் தேர்வும் ஒரு காரணம்.

ஒரு நோட்டு தீர்த்து வைத்த வழக்கு

கோல்டன் ரெட்ரீவர் கதை, எங்களைப் போல் கணக்கு எழுதிப் பிழைப்பவர்களுக்கு இன்னும் பிடிக்கும். ரஷ்ய சர்க்கஸ் நாய்க் கூட்டத்தை ஒரு பிரபு மொத்தமாக வாங்கினார், அதிலிருந்து வந்ததுதான் இந்த இனம் என்று வெகுகாலம் நம்பினார்கள். அந்தப் பிரபு, ஸ்காட்லாந்தில் கிஸகன் எஸ்டேட் வைத்திருந்த ட்வீட்மௌத் பிரபு. 1835 முதல் 1890 வரை அவருடைய நாய்ப் பண்ணையில் எழுதி வைத்த பதிவேட்டின் விவரம் 1952இல் வெளியானது. அதில் சர்க்கஸும் இல்லை, ரஷ்யாவும் இல்லை. நூஸ் என்ற மஞ்சள் நிற ரெட்ரீவரும் பெல் என்ற ட்வீட் தண்ணீர் ஸ்பேனியலும் சேர்ந்து 1868இல் ஈன்ற குட்டிகளிலிருந்துதான் வம்சம் தொடங்குகிறது. எழுதி வைத்த நோட்டுக்கு முன்னால் எவ்வளவு சுவையான கதையும் நிற்காது!

ஆயா நாய் என்ற கதை

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. ஸ்டாஃபோர்ட்ஷையர் புல் டெரியரை அந்தக் காலத்தில் "ஆயா நாய்" என்பார்கள், குழந்தையை அதன் பொறுப்பில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள் என்று இணையமெங்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் அப்படி நடந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. காளையோடு மோத விடவும், நாயோடு நாய் சண்டைக்கும் வளர்த்த இனங்களின் வழியில் வந்தது அது. 1835இல் இங்கிலாந்து அத்தகைய சண்டைகளைச் சட்டம் போட்டுத் தடுத்தது. இன்று நல்லபடி வளர்த்த ஸ்டாஃபோர்ட்ஷையர் அன்பாகவே இருக்கலாம். ஆனால் "ஆயா" என்ற பெயரை நம்பித் தொட்டில் குழந்தையைத் தனியே விட்டுப் போவது ஆபத்து. எந்த இனமானாலும் இதுதான்.

விளம்பரம் தேர்ந்தெடுத்த நாய்

நம் நாட்டில் நாயைப் பெரும்பாலும் திரைதான் தேர்ந்தெடுத்திருக்கிறது. 1994இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தில் டஃபியாக வந்த வெள்ளை நாயை ஞாபகம் இருக்கிறதா? நாம் பொமரேனியன் என்று சொல்லும் அது உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். 2003இல் ஹட்ச் விளம்பரம் வந்தது. சின்னப் பையன் எங்கே போனாலும் பின்னாலேயே போகும் பக் நாய். அதற்குப் பிறகு பக் கேட்காத வீடு இல்லை.

பக், சீன அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக வளர்த்த நாய். குழந்தைகளிடம் சாதுதான். ஆனால் நாய் தன் உடம்புச் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான். தட்டை மூக்கு நாய்க்கு அதுவே சிரமம். மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும் நாக்பூரில் அதை மதியம் வெளியே கூட்டிப் போனால் உயிருக்கே ஆபத்து.

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். அதனால் ராஜபாளையத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதுவும் ஒன்று. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம். வீட்டுப் பிள்ளைகளிடம் உயிராக இருக்கும், வெளியாளைச் சந்தேகப்படும். காவலுக்கு அது நல்ல குணம். பக்கத்து ஃபிளாட் பிள்ளைகள் நாள் முழுக்க ஓடிப் பிடித்து விளையாடும் மூன்றாவது மாடிக்கு அது சரிப்படுமா என்று யோசிக்க வேண்டும்.

பதினாலு ஊசி

"நாயே வேண்டாம்" என்ற அந்தப் பத்தாவது ஆளின் பயத்துக்கும் வரலாறு உண்டு. வெறிநாய்க்கடிக்குப் பாஸ்டர் முதன்முதலில் ஊசி போட்டது 1885இல், 9 வயதுப் பையனுக்கு. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய மருந்துதான் நம் ஊரில் பல தலைமுறைக்குப் போட்டது. ஆட்டு மூளையில் தயாரித்த மருந்து, வயிற்றில் பதினாலு ஊசி வரை. சிலருக்கு அந்த ஊசியாலேயே பக்கவாதம் வந்ததும் உண்டு. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது தெருநாயைக் கண்டு ஓடியதைவிட "தொப்புளைச் சுற்றிப் பதினாலு" என்ற சொல்லைக் கேட்டு ஓடியதுதான் அதிகம். 2004 இறுதியில் அந்த மருந்து நிறுத்தப்பட்டது. இப்போது கையில் போடும் சில ஊசிகள்தான். பயம் மட்டும் இன்னும் பதினாலிலேயே நிற்கிறது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

2022இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய தகவலைத் திரட்டிப் பார்த்ததில், ஒரு நாயின் நடத்தையில் தெரியும் வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். ஆக, இனத்தின் வரலாறு அது எதற்காக வளர்க்கப்பட்டது என்பதைச் சொல்லும். உங்கள் முன்னால் நிற்கும் இந்த ஒரு நாய் எப்படி என்பதை நேரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குட்டி வாங்கினால் அதன் தாயைப் பாருங்கள். வளர்ந்த நாயைத் தத்தெடுத்தால் இன்னும் நல்லது, குணம் கண்ணுக்குத் தெரியும். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் நாயைத் தொடக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். சின்னக் குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்குப் பழக்கமான நாய்தான். ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும். என் கணக்கில் அது நான்கு டிரான்ஸ்ஃபர்!

அதனால் எங்கள் வீட்டில் எடுத்த முடிவு இது: சின்னவனுக்கு ஐந்து வயது ஆகட்டும். பிறகு இரண்டு வயது தாண்டிய நாட்டு நாய் ஒன்றை, நாலைந்து முறை பிள்ளைகளோடு போய்ப் பார்த்துப் பழகிய பிறகு எடுப்பது.

கொசுறு: எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுவிடுங்கள்.